தலையில் விழும் அடிக்குக் கணக்கு வைப்பது எப்படி?

குத்துச்சண்டை, ரக்பி, அமெரிக்கக் கால்பந்து, ஐஸ் ஹாக்கி, கபடி, மல்யுத்தம், தலையால் பந்தை முட்டும் கால்பந்து என்று எதை ஆடுபவராக இருந்தாலும், முழங்கால் எந்த ஆட்டத்தில் பிசகியது, தோள்மூட்டு எப்போது நழுவியது என்று தேதியோடு சொல்வார். தலையில் பட்ட அடியைப் பற்றிக் கேட்டால், "மயங்கி விழுந்தது ஒரே ஒரு தடவைதான்" என்று முடித்துவிடுவார். கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வு ஏற்பட்டவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நினைவு தப்புகிறது. மயக்கத்தை மட்டும் எண்ணுகிறவர் பெரும்பாலான அடிகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பிற்காலத்தில் நினைவையும் மனநிலையையும் நடையையும் குலைக்கும் பாதிப்புக்குப் பின்னால் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று கன்கஷன்கள்: எத்தனை, எவ்வளவு இடைவெளியில், முழுதாக ஆறிய பிறகா ஆறாமலா. மற்றொன்று, எந்த அறிகுறியும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் சேரும் சிறு அடிகள். இரண்டையும் எப்படி எழுதி வைப்பது, எப்படிக் குறைப்பது, எப்போது ஆட்டத்தை நிறுத்துவது, விட்ட பிறகு மருத்துவரிடம் எதைக் காட்டுவது என்பதுதான் இங்கே பேச்சு.

மண்டைக்குள் நடப்பது

நேராக மோதுவதைவிடத் தலை வெட்டிச் சுழல்வதுதான் மூளைக்கு அதிகக் கேடு. மேற்பகுதியும் ஆழப்பகுதியும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. நடுவே ஓடும் நரம்பிழைகள் இழுபடுகின்றன. தலையில் எதுவும் படாமல், மார்பில் பலமாக மோதிக் கழுத்து வெட்டினாலே கன்கஷன் வருவது இதனால்தான். இழுபட்ட செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. நிலைமையைச் சீராக்கச் செல்கள் வழக்கத்தைவிட அதிகக் குளுக்கோஸை எரிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கும். இந்தப் பற்றாக்குறை தீரும்வரை, சாதாரணமாகத் தாங்கக்கூடிய அடியையும் மூளை தாங்காது.

சி.டி. ஸ்கேனில் எலும்பு முறிவும் ரத்தக்கசிவும் தெரியும். மேலே சொன்ன எதுவும் தெரியாது. "ஸ்கேன் நார்மல்" என்றால் இப்போதைக்கு அறுவை சிகிச்சைக்கு வேலையில்லை என்று அர்த்தம். கன்கஷன் இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. இந்த ஒரு குழப்பத்தால் மறுநாளே மைதானத்துக்குத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

அமெரிக்கக் கால்பந்து ஆடும் கல்லூரி வீரர்கள் 2,905 பேரைப் பின்தொடர்ந்து 2003-ல் வெளியான ஆய்வு இரண்டு விஷயங்களைக் காட்டியது. முன்பே மூன்று அல்லது அதற்கு மேல் கன்கஷன் பட்டவர்களுக்கு, ஒன்றுமே படாதவர்களைவிடப் புதிதாக ஒன்று வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. ஒரே ஆட்டப் பருவத்தில் இரண்டாவது முறை பட்டவர்கள் 12 பேர்; அவர்களில் 11 பேருக்கு அது முதல் அடியிலிருந்து 10 நாளுக்குள் வந்தது.

பருவம் தொடங்கும் முன்: அடிப்படை அளவு

அடிபட்ட பிறகு எடுக்கும் பரிசோதனையை ஒப்பிட, நல்ல நிலையில் எடுத்த அளவு ஒன்று கையில் இருந்தால் பெரிய உதவி. விளையாட்டுக் கன்கஷன் நிபுணர்கள் 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடித் தயாரித்த ஸ்காட்6 படிவம் இதற்கு ஏற்றது. அதைச் செய்ய வேண்டியவர் மருத்துவரோ பயிற்சி பெற்ற பிசியோவோதான். 22 அறிகுறிகளுக்குப் பூஜ்யத்திலிருந்து 6 வரை மதிப்பெண், 10 சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, குறைந்தது ஐந்து நிமிடம் கழித்து அவற்றை மறுபடி நினைவுகூர்வது, எண்களையும் மாதங்களையும் தலைகீழாகச் சொல்வது, 3 மீட்டர் கோட்டில் குதிகாலும் விரல்நுனியும் தொட நடப்பது எல்லாம் அதில் உண்டு. முறையாகச் செய்ய 10 முதல் 15 நிமிடம் பிடிக்கும். அதைவிடச் சீக்கிரம் முடிந்தால் எங்கோ ஒரு பகுதியைத் தாண்டிவிட்டார்கள்.

இதைப் பயிற்சி முடிந்த களைப்பில், சத்தமான உடைமாற்றும் அறையில் எடுத்தால் அளவு கெட்டுவிடும். நன்றாகத் தூங்கிய நாளில், ஓய்வாக இருக்கும்போது, தனி அறையில் எடுக்க வேண்டும். ஒற்றைத் தலைவலி, மனச்சோர்வு, கவனக்குறைபாடு ஆகியவை முன்பே இருந்தால் அதையும் குறிக்க வேண்டும். இவை இருப்பவர்களுக்கு ஆறும் காலம் நீளலாம். இன்னொரு தந்திரமும் உண்டு. பின்னால் அடிபட்டாலும் வித்தியாசம் தெரியக்கூடாது என்று சிலர் வேண்டுமென்றே மோசமாகச் செய்வார்கள். மாதங்களைத் தலைகீழாகச் சொல்ல ஒரு மாணவர் திணறினால் வேறொரு நாளில் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

அடிப்படை அளவு இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. பொதுவான அளவுகளோடு ஒப்பிட்டும் மருத்துவர் முடிவெடுக்க முடியும்.

பதிவேட்டில் என்ன எழுதுவது

ஒரு சாதாரண நோட்டு போதும். ஒவ்வொரு கன்கஷனுக்கும், சந்தேகத்துக்கு இடமான ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம். தேதி, ஆட்டமா பயிற்சியா, மோதியது எது (தோள், முழங்கால், தரை, பந்து, கையுறை), எவ்வளவு பலமாக, தலையின் எந்தப் பக்கம், நினைவு தப்பியதா, அடிக்கு முன் எவ்வளவு நேரம், பின் எவ்வளவு நேரம் நினைவில் இல்லை, அன்றும், 24 மணி நேரத்திலும், 48 மணி நேரத்திலும் அறிகுறி மதிப்பெண், எல்லாம் ஓய்ந்த நாள், மோதலுள்ள பயிற்சிக்குத் திரும்பிய நாள், அனுமதி தந்த மருத்துவர்.

இவற்றில் இரண்டே இரண்டுதான் பிற்காலத்தில் தலையெழுத்தையே மாற்றும்: அடி எவ்வளவு பலமானது என்பதும், ஆற எத்தனை நாள் ஆனது என்பதும். முதல் கன்கஷன் ஓடிவந்து மோதியதில் வந்து 8 நாளில் ஆறியது, நான்காவது பயிற்சியில் லேசாக இடித்ததில் வந்து 40 நாள் நீடித்தது என்று தாளில் இருந்தால், மருத்துவருக்கு வேறு விளக்கமே தேவையில்லை. "நாலு தடவை பட்டிருக்கு" என்ற வாய்மொழியில் இது எதுவும் இருக்காது.

நோட்டின் பின்பக்கத்தில் வாரக் கணக்கு. மோதலுள்ள பயிற்சி எத்தனை முறை, எத்தனை நிமிடம். பந்தைத் தலையால் முட்டியது தோராயமாக எத்தனை. குத்துச்சண்டையில் ஸ்பாரிங் எனப்படும் பயிற்சிச் சண்டை எத்தனை ரவுண்டு. பருவ முடிவில் ஒரு வரி: எந்த மட்டம், எந்த இடத்தில் ஆடினார், எத்தனை ஆட்டம். துல்லியம் வேண்டாம், தொடர்ச்சிதான் வேண்டும். 2024 தொடக்கத்திலிருந்து உயர்மட்ட ரக்பியில் விசையை அளக்கும் பல்காப்பு பயன்படுகிறது. பெரிய மோதல் நடந்ததென்று எச்சரிக்க அது உதவும். ஆனால் இத்தனை விசைக்கு மேல் போனால் கன்கஷன், கீழே இருந்தால் இல்லை என்று கோடு கிழிக்க முடியாது. ஆகவே கருவி இல்லையே என்று கணக்கை விட்டுவிட வேண்டாம்.

பதிவேடு கெடும் வழி எப்போதும் ஒன்றுதான்: அது பயிற்சியாளரிடமே இருக்கும், ஆட்டக்காரர் அணி மாறுவார், நோட்டு பழைய அணியிலேயே தங்கிவிடும். மூலம் ஆட்டக்காரர் வீட்டில் இருக்கட்டும். அணிக்கு நகல் போதும்.

அடிபட்ட நிமிடம்

அசையாமல் கிடப்பது, எழ நேரமாவது, தள்ளாடுவது, வெறித்த பார்வை, தலையைப் பிடித்துக்கொள்வது, தவறான பக்கம் ஓடுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலே வெளியே எடுங்கள், அன்று திரும்ப விடாதீர்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்பதில் பயனில்லை, "ஒன்றுமில்லை" என்ற பதில் தயாராக இருக்கும். பெரியவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: நாம் எந்த மைதானத்தில் இருக்கிறோம்? இது எந்தப் பாதி? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டம் யாரோடு? அதில் வென்றோமா? ஒரு கேள்விக்குத் தடுமாறினாலும் வெளியேதான். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னால் கன்கஷன் இல்லை என்று ஆகிவிடாது.

ஆட்டக்காரர்கள் அறிகுறியைப் புத்தக மொழியில் சொல்ல மாட்டார்கள். "பொறி கலங்கிடுச்சு", "கண்ணுல பூச்சி பறந்துச்சு", "மண்டை கனக்குது", "எல்லாம் தூரத்துல கேக்குற மாதிரி இருக்கு" என்பார்கள். இதை அப்படியே, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

உடனே அவசர மருத்துவ உதவி அழைக்க வேண்டியவை: கழுத்து வலி, வலிப்பு, இரட்டைப் பார்வை, கை கால்களில் பலவீனம் அல்லது மரமரப்பு, வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, நினைவு தப்புவது, தெளிவு குறைந்துகொண்டே வருவது, அதிகரிக்கும் பதற்றம் அல்லது மூர்க்கம், மண்டையோட்டில் பள்ளம். கழுத்தில் சந்தேகம் இருந்தால், பயிற்சி இல்லாதவர் தூக்கவும் கூடாது, ஹெல்மெட்டைக் கழற்றவும் கூடாது.

தொலைக்காட்சியில் ரக்பி வீரர் 12 நிமிடச் சோதனைக்குப் போய்த் திரும்பி வருவதைப் பார்த்து, உள்ளூர் மட்டத்தில் அதையே செய்து பார்க்கிறவர்கள் உண்டு. அங்கே மருத்துவர், அடிப்படை அளவு, பல கோணக் காணொளி எல்லாம் இருக்கின்றன. அவை இல்லாத இடத்தில் அந்த வழியும் இல்லை.

இளையவர்களிடம் இந்தக் கண்டிப்புக்குக் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. முதல் அடி ஆறும் முன் இரண்டாவது விழுந்தால், அரிதாக மூளை வேகமாக வீங்கி உயிரே போகும். கனடாவில் 17 வயது ரக்பி வீராங்கனை ரோவன் ஸ்டிரிங்கர் 2013-ல் சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்ப அடிபட்டு இறந்தார். ஒன்டாரியோ மாகாணம் 2018-ல் அவர் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது.

முதல் இரண்டு நாள்

முதல் நாள் ஆளைத் தனியாக விட வேண்டாம். வண்டி ஓட்டக் கூடாது, மது கூடாது. தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகைகளைத் தவிருங்கள். மருத்துவர் பார்த்து அபாயம் இல்லை என்று சொன்ன பிறகு மணிக்கொரு தரம் தட்டி எழுப்ப வேண்டியதில்லை, தூக்கம் நல்லது.

இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைப்பது பழைய வழக்கம், இப்போது அதைக் கைவிட்டாயிற்று. 24 முதல் 48 மணி நேரம் வரை ஓரளவு ஓய்வு: வீட்டுக்குள் நடமாடலாம், மெதுவாக நடக்கலாம், திரை பார்ப்பதைக் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகு அசையாமல் கிடப்பதே மீட்சியைத் தாமதப்படுத்தும். பதின்வயதினரிடம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், அடிபட்ட பத்து நாளுக்குள்ளேயே மிதமான ஏரோபிக் பயிற்சி தொடங்கியவர்கள் நடுமதிப்பாக 13 நாளில் மீண்டார்கள். வெறும் தசைநீட்டல் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது.

திரும்பும் படிகள்

ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். அதிகபட்ச இதயத்துடிப்பைத் தோராயமாக 220-லிருந்து வயதைக் கழித்துப் பெறலாம். 20 வயதுக்காரருக்கு 200.

முதல் படி: அறிகுறியைக் கிளறாத அன்றாட வேலைகள், நடை.

இரண்டாம் படி: நிலையான சைக்கிள் அல்லது வேக நடை. முதலில் அதிகபட்சத்தில் 55 சதவீதம் வரை (20 வயதில் நிமிடத்துக்கு 110), பிறகு 70 சதவீதம் வரை (140).

மூன்றாம் படி: அணியிலிருந்து விலகித் தனியாக ஓட்டம், திசைமாற்றம். தலையில் அடிபட வாய்ப்புள்ள எதுவும் இதில் கூடாது.

நான்காம் படி: மோதல் இல்லாத கடினப் பயிற்சி, அணியோடு. ஐந்தாம் படி: முழு மோதலுள்ள பயிற்சி. ஆறாம் படி: ஆட்டம்.

முதல் மூன்று படிகளில் லேசாக அறிகுறி கூடுவது தடையல்ல. பத்துக்கு இத்தனை என்று கேட்டுப் பாருங்கள்: பயிற்சிக்கு முன் 2, பயிற்சியின்போது 4, ஒரு மணி நேரத்துக்குள் பழையபடி 2 என்றால் தொடரலாம். இரண்டு புள்ளிக்கு மேல் ஏறினால் நிறுத்தி மறுநாள் மீண்டும் முயலலாம். நான்காம் படியிலிருந்து கதை வேறு. அதற்கு முன் அறிகுறி அறவே நின்றிருக்க வேண்டும், மோதலுக்கோ விழுதலுக்கோ இடமுள்ள எதையும் தொடும் முன் மருத்துவரின் அனுமதியும் வேண்டும். அங்கே அறிகுறி தலைகாட்டினால் மூன்றாம் படிக்கு இறங்க வேண்டும். மாணவர்கள் முழுநேர வகுப்புக்குத் திரும்பிய பிறகுதான் முழு மோதலைப் பற்றி யோசிக்கலாம்.

ஒரு நாளைக்கு ஒரு படி என்று போட்டால் ஒரு வாரத்தில் ஆட்டம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அது குறைந்தபட்சம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரம், சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் நான்கு வாரம் வரை ஆவது வழக்கம். தொழில்முறை அல்லாத விளையாட்டுகளுக்கு 2023-ல் பிரிட்டன் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் 21 நாளுக்கு முன் போட்டி கூடாது என்கிறது. அறிகுறி இல்லாத 14 நாள் கழிந்த பிறகே தலையில் அடிபடக்கூடிய பயிற்சி. மருத்துவர் கூடவே இல்லாத எந்த அணிக்கும் இதுதான் பொருத்தமான அளவு. அவசரப்பட்டுத் திரும்புகிறவருக்குத் தலையில் மட்டும் ஆபத்து இல்லை: கன்கஷனுக்குப் பின் வரும் மாதங்களில் கணுக்கால், முழங்கால் காயங்களும் கூடுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

நான்கு வாரம் தாண்டியும் விடாவிட்டால்

இந்தக் கட்டத்தில் "மூளை நிரந்தரமாகக் கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டுவதும் தவறு, "மனசுதான் காரணம்" என்று ஒதுக்குவதும் தவறு. எந்தப் பகுதியிலிருந்து தொந்தரவு வருகிறதோ அதற்குரிய சிகிச்சை இருக்கிறது. பிடரியில் தொடங்கி முன்னால் ஏறும் வலி, கழுத்தைத் திருப்பினால் கூடினால், கழுத்து மூட்டுகளுக்குப் பிசியோ. தலையைத் திருப்பும்போது கிறுகிறுப்பு வந்தால் உள்காதுச் சமநிலைப் பயிற்சி. படித்தால் எழுத்து மிதந்தால், பேனா நுனியை மூக்கை நோக்கிக் கொண்டுவந்து பாருங்கள்: சுமார் 6 செ.மீ.-க்கு வெளியிலேயே இரண்டாகத் தெரிந்தால் கண் குவிப்பில் குறை இருக்கலாம், கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உடற்பயிற்சி செய்தாலே தலைவலி என்றால் டிரெட்மில்லில் எந்தத் துடிப்பில் அறிகுறி எழுகிறது என்று அளந்து, அதில் 80 முதல் 90 சதவீதத்தில் தினப் பயிற்சி தருவார்கள்.

கவனிக்காமல் விடப்படும் ஒன்று மாத்திரைத் தலைவலி. சாதாரண வலிநிவாரணியை மாதத்தில் 15 நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். அறிகுறிப் பக்கத்திலேயே மாத்திரைகளையும் எழுதினால் இது பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஆண்டுக்கணக்கில் சேர்வது

குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் குழறலையும் அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே விவரித்தார். குத்துச்சண்டைக்கு மட்டும் உரியது என்று வெகுகாலம் நினைத்ததை, 2002-ல் முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை ஆராய்ந்த நோய்க்குறியியல் மருத்துவர் பென்னட் ஒமாலு மாற்றினார். சி.டி.இ. என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த நோயில், டௌ என்ற புரதம் மூளை மடிப்புகளின் ஆழத்தில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றிப் படிகிறது. முன்கோபம், மனச்சோர்வு, திட்டமிட முடியாமை, மறதி, பிறகு மறதிநோய் என்று ஆண்டுகள் கழித்து வெளிப்படலாம்.

இங்கே எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். 2017-ல் வெளியான ஆய்வில், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைப் போட்டித் தொடரான என்.எஃப்.எல்.-லில் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110-ல் சி.டி.இ. இருந்தது. ஆனால் அவை குடும்பத்தார் தானமாகத் தந்தவை. தொந்தரவைக் கண்ட குடும்பமே தானம் தர முன்வரும். எனவே அது எல்லா வீரர்களுக்குமான விகிதம் அல்ல. அதைவிடப் பயனுள்ள தகவல் அதன்பின் வந்தது. 2020-ல் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்களின் 266 மூளைகளை ஆராய்ந்ததில், ஆடிய ஒவ்வொரு ஆண்டுக்கும் சி.டி.இ. வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடியது, அதாவது 2.6 ஆண்டுக்கு இரட்டிப்பு. 2023-ல் 631 மூளைகளில் பார்த்தபோது, நோயோடு ஒத்துப்போனது தலை தாங்கிய மொத்த விசைதான். கண்டறியப்பட்ட கன்கஷன்களின் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. நோட்டின் பின்பக்கம் முன்பக்கத்துக்குச் சமமாக முக்கியமாவது இதனால்தான்.

தலையால் பந்தை முட்டும் கால்பந்திலும் இதே சாயல் தெரிகிறது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரைப் பற்றி 2019-ல் வெளியான ஆய்வில், நரம்புச் சிதைவு நோயால் இறப்பது பொதுமக்களைவிடச் சுமார் மூன்றரை மடங்கு. அதே வீரர்கள் இதய நோயால் இறப்பது குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து ஆடும் இடம்வாரியாகப் பிரித்தபோது தடுப்பாட்டக்காரர்களுக்கு ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. பந்தை அதிகம் முட்டாத கோல்காப்பாளர்களிடம் தெளிவான உயர்வு இல்லை. இங்கிலாந்தின் முன்னாள் கால்பந்து வீரர் ஜெஃப் ஆஸ்ல் 2002-ல் 59 வயதில் இறந்தபோது, விசாரணை அதிகாரி அதைத் தொழில்சார் நோய் என்றே பதிவு செய்தார். 2014-ல் அவர் மூளையை மறுபடி ஆராய்ந்து சி.டி.இ. என்று உறுதி செய்தார்கள்.

உயிரோடிருப்பவரிடம் சி.டி.இ.-யை உறுதி செய்ய எந்த ஸ்கேனும், எந்த ரத்தப் பரிசோதனையும் இன்று இல்லை. 2021-ல் வகுத்த மருத்துவ அளவுகோல்கள் ஆராய்ச்சிக்காக உருவாக்கப்பட்டவை. கண்டுபிடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

மொத்த விசையைக் குறைப்பது

பருவம் முழுக்கப் படும் அடிகளில் பெரும்பங்கு பயிற்சியில் படுவதுதான். போட்டியை மாற்ற முடியாது, பயிற்சியை மாற்றலாம். முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுவே. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2021-ல் தொழில்முறை அணிகளுக்கு வாரத்துக்குப் பத்து பலமான தலைமுட்டு என்று எல்லை வைத்தது. 35 மீட்டருக்கு மேல் வரும் நீளப் பந்து, கார்னர், ஃபிரீ கிக், கிராஸ் ஆகியவை அந்தக் கணக்கில் வரும். இதே கால்பந்துக்கான அமெரிக்காவின் கூட்டமைப்பு 2015-லேயே பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டுவதைத் தடை செய்தது. சிறுவர் ஐஸ் ஹாக்கியில் உடலால் இடிப்பதைத் தடுத்தபோது ஆட்டக் கன்கஷன்கள் பாதிக்கும் மேல் குறைந்தன.

குத்துச்சண்டையில் முழு பலத்தோடு ஸ்பாரிங் செய்யும் நாள்களை எண்ணிக் குறையுங்கள். தலைக்கவசம் போட்டிருக்கிறோம் என்று கூடுதல் ரவுண்டு போடாதீர்கள். அது வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மூளை சுழல்வதைத் தடுக்காது. அமெரிக்கக் கால்பந்து ஹெல்மெட்டும் மண்டையோடு உடையாமல் காப்பதற்கே முதன்மையாக உருவானது. ஐஸ் ஹாக்கியில் பல்காப்பு அணிவோரிடம் கன்கஷன் கால்பங்குக்கு மேல் குறைந்ததற்குச் சான்று உண்டு. பல்லுக்கும் நல்லது என்பதால் எல்லா மோதல் விளையாட்டிலும் போடுங்கள். கழுத்துத் தசைப் பயிற்சி நல்லதே, ஆனால் அதை மட்டும் நம்பி அடி வாங்க முடியாது. ரக்பியில் சமநிலை, திசைமாற்றம், கழுத்து என்று அமைந்த முன்பயிற்சி, வாரம் மூன்று முறை செய்தபோது பலன் தந்திருக்கிறது. வாரம் ஒரு முறை ஒப்புக்குச் செய்தால் அந்தப் பலன் கிடைப்பதில்லை.

எப்போது நிறுத்துவது

"மூன்று பட்டால் முடிந்தது" என்ற பழைய விதிக்கு ஆய்வு அடிப்படை இல்லை. ஒருவருக்கு ஒன்றே போதும் நிறுத்த. எண்ணைப் பார்க்காமல் போக்கைப் பாருங்கள்: குறைந்த விசையிலேயே கன்கஷன் வருகிறதா, ஆறும் நாள் ஒவ்வொரு முறையும் நீள்கிறதா, இரண்டுக்கும் இடையிலான காலம் சுருங்குகிறதா. மூன்றில் இரண்டு "ஆம்" என்றால் அந்தப் பருவத்தை அங்கேயே முடித்துக்கொண்டு நிபுணரைப் பார்ப்பதுதான் எங்கள் பரிந்துரை. நினைவுச் சோதனை பழைய அளவுக்குத் திரும்பவில்லை, எம்.ஆர்.ஐ.-யில் பழுது தெரிகிறது, அறிகுறி ஓயவே இல்லை என்றால் மோதல் விளையாட்டுக்கு அத்தோடு முற்றுப்புள்ளி வைப்பதே சரி.

இந்த முடிவை அணியிடம் சம்பளம் வாங்காத மருத்துவரோடு பேசி எடுங்கள். ஓய்வு பெற்றதும் வரும் வெறுமை சின்ன விஷயமில்லை. நீச்சல், ஓட்டம், சைக்கிள் என்று மோதல் இல்லாத ஒன்றை உடனே தொடங்குவது மூளைக்கும் மனதுக்கும் உதவும்.

ஆட்டத்தை விட்ட பிறகு

முன்னாள் வீரர் ஒருவர் மறக்கிறார், எரிந்து விழுகிறார் என்றவுடன் சி.டி.இ. என்று முத்திரை குத்திவிட்டால், சரிசெய்யக்கூடிய காரணம் கண்ணில் படாமல் போகும். முதலில் பார்க்க வேண்டியவை: குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்தடை, மனச்சோர்வு, மதுப்பழக்கம், தைராய்டு, பி12 குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, தூக்க மாத்திரைகளும் வலி மாத்திரைகளும். தலைக்காயத்துக்குப் பின் பிட்யூட்டரி சுரப்பியும் குறைவாக வேலை செய்யலாம். காரணமற்ற சோர்வும் பாலுணர்வுக் குறைவும் சேர்ந்திருந்தால் ஹார்மோன் பரிசோதனை கேளுங்கள். இவற்றைச் சரிசெய்தும் மறதி தொடர்ந்தால் நரம்பியல் நிபுணர், கூடவே விரிவான நினைவாற்றல் மதிப்பீடு. ஒரு முறை எடுத்த மதிப்பீட்டில் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. ஓராண்டு கழித்து மறுபடி எடுக்கும்போதுதான் சரிவு இருக்கிறதா என்று தெரியும்.

பதிவேடு இல்லாதவர்கள் இப்போது ஒன்றைக் கட்டலாம்: எந்த வயதில் தொடங்கினார், எத்தனை பருவம், எந்த இடத்தில், வாரத்துக்கு எத்தனை மோதல் பயிற்சி, பொறி கலங்கிய சம்பவங்கள் என்னென்ன. பழைய அணித் தோழர்களைக் கேட்டால் அவருக்கே நினைவில்லாத அடிகள் வெளிவரும்.

வீட்டில் இருப்பவர் தனியாக ஒரு தாள் வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டதையே கேட்பது, கட்டணங்களைத் தவறவிடுவது, பழகிய வழியில் தடுமாறுவது, நடை இழுப்பது, கை நடுங்குவது, இதுவரை இல்லாத மூர்க்கம். ஒவ்வொன்றுக்கும் முதலில் கவனித்த மாதம். இந்தத் தாளை அவர் முன்னால் நீட்டினால் சண்டைதான் வரும். மருத்துவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், அல்லது தனியே பேச ஐந்து நிமிடம் கேளுங்கள். சாவைப் பற்றிப் பேசுகிறார், சொத்து விவரங்களைத் திடீரென்று ஒப்படைக்கிறார் என்றால் அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மாத்திரை, பூச்சிமருந்து, ஆயுதம் எதுவும் எட்டாதபடி எடுத்து வையுங்கள், மருத்துவரைப் பார்க்கும்வரை கூடவே ஒருவர் இருக்கட்டும்.